54,000 ரூபாய்க்கு எதை வாங்குகிறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. எடை குறைப்பு மையத்தில் பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களாவது கடைசி வரை படியுங்கள்.

எனக்கு வயது 63. உயரம் 154 சென்டிமீட்டர், எடை 81 கிலோ. பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் 34 வருகிறது. நம் நாட்டவருக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. எனக்குத் துணை இல்லாமல் இல்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் 25-ஐத் தொட்டவர்கள், தாண்டியவர்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகை முன்னால் நின்ற கால்கள் என்னுடையவை. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. செங்கல்பட்டில் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனைத் தள்ளிப் போடலாம். ஆனா எட்டு கிலோவாவது குறைச்சாகணும்மா" என்றார். சர்க்கரையும் எல்லைக் கோட்டில் நிற்கிறது. ஆகவே இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. மாடிப்படி ஏறுவேனா, பேரனைத் தூக்குவேனா என்ற விஷயம்.

பெங்களூரில் இருக்கும் மகள் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மையத்தைத் தேடிப் பிடித்தாள். "பணத்தைப் பத்தி நீ யோசிக்காதம்மா, நான் அனுப்பறேன். போய்ச் சேர்ந்துடு" என்றாள். போய்ப் பார்த்தேன். மூன்று மாதப் பேக்கேஜ், 12 கிலோ குறைப்பு 'கேரண்டி'. கட்டணம் 68,000. அன்றைக்கே கட்டினால் 54,000. "இந்த ஆஃபர் இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் மேடம்" என்றாள் அங்கிருந்த பெண். இரண்டு நாள் டைம் கேட்டு வந்துவிட்டேன். நான்காம் நாள் அவளே போன் செய்தாள். அதே ஆஃபர் அப்படியே இருந்தது.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? பேப்பரை எடுத்தேன்.

ஒரு கிலோ கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி குறைய வேண்டும். இது பொதுவாகப் பயன்படுத்தும் கணக்கு. 12 கிலோவுக்கு 92,400. அதை 90 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம். என் வயதுக்கும் உயரத்துக்கும் எடைக்கும் ஒரு நாளைக்குச் செலவாவது ஏறக்குறைய 1,750 கலோரி. ஆயிரத்தைக் கழித்தால் மிச்சம் 720 அல்லது 730. அதாவது மூன்று மாதம் தினமும் 730 கலோரிக்குள் சாப்பிட்டால்தான் அவர்கள் சொல்லும் கேரண்டி பலிக்கும். நாளைக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் உணவுமுறையை மருத்துவர் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். அந்த மையத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டேன். "தேவைப்பட்டா வருவாங்க மேடம்" என்று பதில் வந்தது.

நம் சாலைகளில் 'ஒரே வாரத்தில் 5 கிலோ' என்று பலகை பார்த்திருப்பீர்கள். அதையும் போட்டுப் பாருங்கள். 5 பெருக்கல் 7,700, வகுத்தல் 7. நாளைக்கு 5,500 கலோரி குறைய வேண்டும். நான் ஏழு நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 12,250தான் குறையும். ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் முதல் வாரத்தில் தராசு முள் மளமளவென்று இறங்குகிறதே, அது என்ன? பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச்சத்து ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் முதலில் போவது அதுதான். மறுபடி சாப்பிட்டால் முதலில் வருவதும் அதுதான்.

அடுத்து, 54,000-க்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து எழுதினேன். ஒன்று, வயிற்றில் கட்டும் கருவி, சூட்டுப் படுக்கை. இரண்டு, டப்பாவில் பவுடர். மூன்று, உணவு அட்டவணை. நான்கு, தினமும் வாட்ஸ்அப்பில் "என்ன சாப்பிட்டீங்க மேடம்?" என்று கேட்க ஒரு பெண், வாராவாரம் எடை பார்ப்பது.

கருவி பற்றி ஒரு செய்தி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ல் வி.எல்.சி.சி. நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. கொழுப்பை உறைய வைக்கும் கருவியைக் காட்டி, ஒரே அமர்வில் எடை இவ்வளவு குறையும் என்கிற மாதிரி செய்த விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துகிறது என்பது காரணம். அமெரிக்காவில் அந்தக் கருவிக்குக் கிடைத்த அனுமதியே, பி.எம்.ஐ. 30-க்கு உள்ளே இருப்பவர்களுக்கு உடம்பில் ஓரிடத்தில் சேர்ந்த கொழுப்பைக் குறைக்கத்தான். எடை குறைப்புக்கு இல்லை. என் பி.எம்.ஐ. 34.

பவுடரில் இருப்பது பெரும்பாலும் புரதம். நமக்குப் பருப்பும் முட்டையும் இருக்கின்றன. தேவனேரி, கொக்கிலமேடு குப்பங்களிலிருந்து காலையிலேயே மீன் வந்துவிடுகிறது. அட்டவணையை உணவியல் நிபுணர் எழுதித் தருவார். மிச்சம் இருப்பது நான்காவது மட்டும். யாரோ ஒருவர் நம்மை விசாரிப்பது.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. ட்யூஷன் சென்டரைப் பார்த்திருக்கிறோம் இல்லையா? அங்கே சொல்லித் தருவது புத்தகத்தில் இல்லாத கணக்கு இல்லை. ஆனால் பையன் சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்காருகிறான், நோட்டை ஒருவர் பார்க்கிறார். பெற்றோர் கொடுக்கும் பணம் அதற்குத்தான். எடை விஷயத்திலும் வேலை செய்வது அதுதான். அதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை எல்லைக் கோட்டில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உணவு, நடை பற்றித் தொடர்ந்து ஆலோசனை. மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆனார்கள். இரண்டாம் பிரிவில் 39.3 சதவீதம். கவனியுங்கள், அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை. தராசு அசையாமலே உள்ளே நல்லது நடந்திருக்கிறது. அதே குழு 537 ஆண்களிடம் செய்த இன்னொரு ஆய்வு 2013ல் வந்தது. இந்த முறை செல்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பினார்கள், அவ்வளவுதான். இரண்டு ஆண்டுகளில் செய்தி வந்தவர்களில் 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. செய்தி வராதவர்களில் 27 சதவீதம். ஞாபகப்படுத்த ஒரு ஆள், விடாமல் ஞாபகப்படுத்தினால், பலன் உண்டு.

எனவே என் கேள்வி மாறிவிட்டது. பணம் கட்டலாமா என்பது போய், விசாரிக்கிற ஆள் இங்கேயே கிடைப்பாரா, மூன்று மாதத்துக்குப் பிறகும் இருப்பாரா என்பதாகிவிட்டது.

நான் செய்த ஏற்பாடு இது. மாதம் ஒருமுறை உணவியல் நிபுணர், தடவைக்கு 600 ரூபாய், எட்டு மாதத்துக்கு 4,800. முழங்காலைத் தாங்கும் தொடைத் தசைக்கு பிசியோதெரபி, 12 தடவை, தடவைக்கு 400 வீதம் இன்னொரு 4,800. வீட்டுக்கு எடை பார்க்கும் மெஷின் 1,200. மொத்தம் 10,800. அவர்கள் கேட்டதில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துக்கொள்கிறேன், செலவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

விசாரிக்கிற ஆள்? திருக்கழுக்குன்றத்தில் இருக்கும் எங்கள் பழைய தமிழ் டீச்சர். அவருக்கும் சர்க்கரை. தினமும் மதியத் தட்டைப் போட்டோ எடுத்து இருவரும் மாற்றி மாற்றி அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை எடை. ஒருவர் அனுப்பாவிட்டால் மற்றவர் போன் செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். "சோறு மலை மாதிரி இருக்கே டீச்சர், வேதகிரியா?" என்று அவர் கேட்பார். காசு வாங்குகிறவர் அப்படிக் கேட்க மாட்டார்.

எட்டு மாதத்தில் எட்டு கிலோ. 61,600-ஐ 240 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 257 கலோரி. சாயங்காலம் சர்க்கரை போட்ட டீ, அதோடு வரும் இரண்டு பஜ்ஜி, ராத்திரி ஒரு கரண்டிச் சோறு, இவற்றிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும். நடைக்குக் கடற்கரை மணல் ஆகாது, கால் புதைந்தால் முழங்கால் வலிக்கிறது. சுற்றுலா பஸ்கள் வருவதற்கு முன் ஐந்து ரதம் போகும் சாலையில் சமதளமாக அரை மணி நேரம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று ஆய்வு சொல்கிறது. அதை நினைத்துக்கொண்டே நடக்கிறேன். மூன்று வாரம் ஆகிறது. 700 கிராம் குறைந்திருக்கிறது. நாளுக்கு நாள் ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும் என்பதால் இதை வெற்றி என்று சொல்ல மாட்டேன். கணக்கு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

மகளுக்கு முதலில் வருத்தம். "உனக்குச் செலவு பண்ண விடமாட்டியா?" என்றாள். பிசியோதெரபி பணத்தை அவளையே அனுப்பச் சொன்னேன். சமாதானமானாள்.

பணம் கட்டுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தனியாக இருப்பவர்கள், விசாரிக்க ஆள் இல்லாதவர்கள், கட்டினால்தான் போவேன் என்கிறவர்கள் கட்டலாம். கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள். அட்டவணை தருபவர் என்ன படித்திருக்கிறார்? மருத்துவர் ரத்தப் பரிசோதனையைப் பார்ப்பாரா? 'கேரண்டி' என்பதை எழுதித் தருவார்களா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா? நான்காம் மாதம் என்ன? வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. ரசீதும் எழுத்தும் இருக்கட்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதே 1954ம் வருஷச் சட்டப்படி குற்றம். ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

ஊசி பற்றியும் பலர் கேட்கிறீர்கள். 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியாவுக்கு வந்தன. எடை நன்றாகவே குறைகிறது. ஆனால் வெகோவியில் உள்ள மருந்தை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்று ஆய்வு காட்டியது. அது மருத்துவர் சீட்டில் எழுத வேண்டிய மருந்து, மையத்து ஆஃபரில் வாங்குவதில்லை. அறுவை சிகிச்சையும் அப்படியே. 2024 ஏப்ரலில் நம் மாவட்டத்துப் பம்மலில் எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் போன 26 வயதுப் பையன் இறந்துபோனான். அந்தத் தனியார் மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பெற்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! எங்கே செய்கிறார்கள், ஐ.சி.யூ. இருக்கிறதா, நெருக்கடி வந்தால் யார் பார்ப்பார்கள் என்று விசாரிக்காமல் போகாதீர்கள்.

யாராவது "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும்தான்" என்றால் இரண்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு பேப்பரில் வகுத்துப் பாருங்கள். அதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கு போதும்.