கருப்பட்டியோடு ஸ்டில்டன்

அம்பத்தூர்க்காரர்களுக்கு பர்மிங்காம் அந்நிய ஊர் இல்லை. அங்கிருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு கூட்டு சேர்ந்து 1949-ல் உருவானதுதான் எங்கள் ஊர் டி.ஐ. சைக்கிள்ஸ். அந்த பர்மிங்காம் கம்பெனியின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் பெயரில் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரியே இருக்கிறது. சைக்கிள் ஃபேக்டரியில் ரிட்டையரான அப்பாவை லெஸ்டரில் உள்ள அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு பர்மிங்காம் பார்க்க ஆசை, எனக்கு ஸ்டில்டன்.

ஸ்டில்டன், கேம்பிரிட்ஜ்ஷையரில் பழைய கிரேட் நார்த் ரோட்டின் மேல் இருக்கும் சின்ன ஊர். 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் குதிரை வண்டிகள் இளைப்பாறிய பெல் இன் சத்திரம், மணி படம் போட்ட பெரிய செப்புப் பலகையோடு இன்னும் நிற்கிறது. அங்கே பயணிகளுக்கு விற்ற நீலச் சீஸுக்கு ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்த ஊரிலேயே செய்தால் அதை ஸ்டில்டன் என்று விற்கக் கூடாது! 1996-ல் வந்த புவிசார் பாதுகாப்பின்படி டெர்பிஷையர், லெஸ்டர்ஷையர், நாட்டிங்காம்ஷையர் மூன்றுக்கு மட்டுமே அந்த உரிமை. காஞ்சிபுரத்தில் நெய்ததைக் காஞ்சிப் பட்டு என்று சொல்லக் கூடாது என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

எட்டு கிலோ சீஸுக்கு எழுபது லிட்டருக்கு மேல் பால் வேண்டும். பூஞ்சையைப் பாலிலேயே கலந்துவிடுகிறார்கள். திரிந்த பாலை வடித்து, உப்பிட்டு, அழுத்தாமல் அச்சில் நிரப்புவார்கள். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து ஸ்டீல் ஊசிகளால் குத்துவார்கள். காற்று உள்ளே போன பிறகுதான் நீலம் படரும். நறுக்கிய துண்டில் ஊசி போன தடம் நேர்கோடாகத் தெரிகிறது.

அக்கா வீட்டு மேசையில் அதைப் பார்த்ததும், "பூசணம் புடிச்சிருக்கேம்மா, தூக்கிப் போடு" என்றார் அப்பா.

அக்கா அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். குளிரோடு தின்றால் வெறும் உப்புதான் தெரியும். வெள்ளைக்காரர்கள் இதற்கு போர்ட் ஒயின், வால்நட், பேரிக்காய் வைத்துக்கொள்வார்கள். அப்பா ஒயினைத் தொடமாட்டார். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டியை அக்கா சுரண்டி ஒரு துணுக்கின் மேல் தூவிக் கொடுத்தாள். காரமும் உப்பும் அடங்கி, அடியில் வெண்ணெய் மணம் மேலே வந்தது. போர்ட்டைவிட இதுதான் பொருத்தம் என்பேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு துண்டு எடுத்தார்.

சென்னையில் பெரிய கடைகளில் தேடினால் சில சமயம் கிடைக்கும், விலைதான் கடிக்கும். அம்பத்தூர் வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டாம், இருபது நிமிடம் போதும். பட்டர் பேப்பரில் சுற்றித் தனி டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் பால், மாவு எல்லாம் அதே வாசனைதான். மிஞ்சியதை முறுகல் தோசையில் உதிர்த்துப் பாருங்கள். சட்னி மட்டும் வேண்டாம்.