கொல்லிமலைப் பாட்டி சொன்ன கணக்கு

கொல்லிமலைக்குப் போகிறோம் என்றதும், என் மாமியார் புடவை எடுத்து வைப்பதற்கு முன்பே இரண்டு துணிப்பைகளை மடித்து வைத்துக் கொண்டார்.

"அங்கே முடவாட்டுக்கால் கிழங்கு கிடைக்குதாம். ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துடலாம். என் முட்டிக்கு நல்லதாம்!"

அது 2022 செப்டம்பர் மாதம். நாமக்கல்லிலிருந்து காலை பஸ்ஸில் கிளம்பினோம். சேந்தமங்கலம் தாண்டி, அடிவாரமான காரவள்ளியில் ஆரம்பிக்கின்றன 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் எழுதியிருப்பதால் குழந்தைகளுக்கு ஒரே குஷி, சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார்கள். முப்பதைத் தாண்டியதும் சின்னவனுக்கு வயிற்றைப் புரட்டியது. குழந்தைகளோடு போகிறவர்கள் கையில் ஓர் எலுமிச்சம்பழமும், ஒரு பழைய துண்டும் அவசியம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோளக்காட்டை எட்டியதும் ஜில்லென்ற காற்று. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருக்க, கீழே காப்பிச் செடிகள், பலா, வாழை, அன்னாசி... கண்ணுக்கு எட்டிய வரை பச்சை. கடைகளில் மலைவாழைத் தார்கள் தொங்கின. செம்மேட்டில் டிபன் சாப்பிட்டுவிட்டு அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போனோம். பக்கத்தில்தான் ஆகாய கங்கை அருவி. ஆனால் அருவியைப் பார்க்க ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். முட்டி வலியோடு அது ஆகிற காரியமா? அவரும் குழந்தைகளும் இறங்க, நானும் அத்தையும் மேலேயே தங்கிவிட்டோம்.

அங்கேதான் அந்தப் பாட்டியைப் பார்த்தோம். சாக்கில் கிழங்கைப் பரப்பி, பக்கத்தில் அடுப்பு மூட்டி சூப் விற்றுக் கொண்டிருந்தார். கிழங்கைப் பார்த்தால் நிஜமாகவே செம்பட்டை ரோமம் மூடிய ஆட்டுக்கால்தான்! பேர்தான் கிழங்கே தவிர, இது மண்ணுக்குள் விளைவதில்லை. பாறைமேலும் மரத்தின்மேலும் ஊர்ந்து படரும் ஒரு பெரணிச் செடியின் தண்டு.

சூப் செய்யும் விதத்தைக் கேட்டுத் தெரிந்து கொண்டேன். ரோமத்தையும் தோலையும் நன்றாகச் சுரண்டிக் கழுவி, பொடியாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து இடித்து, தண்ணீர் விட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டி, உப்பும் கொத்துமல்லியும் போட வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டு குடித்தால், அசைவ சூப் என்று சத்தியமே பண்ணலாம்!

அத்தை இரண்டு பைகளையும் நீட்டினார். பாட்டி நிறுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "எதுக்கு கண்ணு இவ்வளவு?" என்றார்.

"தினமும் குடிக்கலாம்னுதான்."

"நான் கல்யாணமாகி வந்தப்போ, வீட்டுக்குப் பின்னால பாறையிலேயே இது கெடந்தது. இப்ப எம் மவன் விடியக்காலம் போனா மத்தியானம்தான் வர்றான். நீ ஒரு டம்ளர்ல குடிச்சு முடிச்சுடறே. பாறைக்கு அது எத்தனை மழைன்னு நெனச்சுப் பாரு."

"அப்போ நீங்க வீட்டுல என்னதான் பாட்டி சமைப்பீங்க?" என்று கேட்டேன்.

"வேலியில தூதுவளை, பெரண்டை. வாசல்ல கற்பூரவல்லி. சாமைச் சோத்துக்குத் தொட்டுக்க வேற என்ன வேணும்? வேலியில இருக்கறதப் பறி, பாறையில இருக்கறத விடு. அம்புட்டுதான்."

சிரித்துவிட்டு வந்துவிட்டோம். அந்த வார்த்தையின் கனம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

முதல் வாரம் தினமும் சூப். இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது வாரம் பையைப் பிரித்தால், பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. குப்பையில் கொட்டும்போது எனக்கு மனசு சுருக்கென்றது. நுனியில் பச்சை தெரிந்த இரண்டு துண்டுகளை மட்டும் எடுத்து வைத்தேன்.

ஒன்றைத் தொட்டி மண்ணில் புதைத்தேன். பத்தே நாளில் அழுகிவிட்டது. பாறைமேல் வாழ்வதை மண்ணில் மூடினால் எப்படிப் பிழைக்கும்? மற்றதை, தேங்காய் மட்டையின்மேல் வைத்துக் கயிற்றால் கட்டி, நிழலில் தொங்கவிட்டு, தினமும் தண்ணீர் தெளித்தேன். அது பிழைத்தது! ஆனால் ஒரு வருஷம் கழித்து அளந்து பார்த்தால், என் ஆள்காட்டி விரல் நீளம்தான் வளர்ந்திருந்தது. நாங்கள் வாங்கி வந்த ஒவ்வொரு துண்டும் ஒரு சாண் இருக்கும். அப்படியானால் ஒரு துண்டுக்கே மூன்று வருஷம்! மூன்று வருஷத்து மழையைத்தான் நான் குப்பையில் கொட்டியிருக்கிறேன். பாட்டி சொன்ன கணக்கு இதுதான்.

அதன் பிறகு பாட்டியின் 'வேலி'யை என் பால்கனிக்குக் கொண்டு வந்தேன். எல்லாமே சுலபம்தான், சகோதரிகளே:

கற்பூரவல்லி: நாலு விரற்கடை நீள நுனியைக் கிள்ளி ஈர மண்ணில் ஊன்றுங்கள். இரண்டு வாரத்துக்குள் வேர் பிடித்துவிடும். இலையைக் கடலைமாவில் தோய்த்து பஜ்ஜி போட்டால் குழந்தைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

பிரண்டை: கணுவுள்ள ஒரு துண்டு போதும். தண்ணீர் குறைவாக விடுங்கள். நறுக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். இளம் தண்டாக எடுத்து, நார் உரித்து, எண்ணெயில் நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் நாக்கு அரிக்காது.

தூதுவளை: சிவந்து பழுத்த பழத்தின் விதையை உலர்த்தி விதையுங்கள். படர ஒரு குச்சி நட்டால் போதும். ஒரு கைப்பிடி இலையில் முள்ளை நீக்கி, இரண்டு ஸ்பூன் உளுந்து, மூன்று மிளகாய், கொஞ்சம் புளி, தேங்காய் சேர்த்து வதக்கி அரையுங்கள். சுடு சோற்றுக்கு அமிர்தம்!

தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கட்டும். அரிசி கழுவிய தண்ணீரையே ஊற்றலாம். பெயர் நிச்சயமாகத் தெரியாத செடியை மட்டும் 'மூலிகை' என்று நம்பிச் சமைக்காதீர்கள்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொரு வார்த்தை. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே; கற்பூரவல்லிச் சாறு, கஷாயம் எதுவும் வேண்டாம். ஒரு வயது நிறைவதற்குள் தேனும் கூடவே கூடாது. அத்தையின் முட்டிக்கும் கடைசியில் கை கொடுத்தது டாக்டர் சொல்லிக் கொடுத்த தேகப் பயிற்சிதான்.

கொல்லிமலைக்கு நீங்களும் அவசியம் போய் வாருங்கள். சூப்பை அங்கேயே ஒரு டம்ளர் ருசித்துக் குடியுங்கள். பையை நிரப்ப மிளகு, மலைவாழை, சாமை, தினை என்று ஏராளமாக இருக்கிறது. வருஷா வருஷம் விளைகிற பொருள்கள் அவை. மலைக்காரர்களின் பிழைப்பும் நடக்கும், பாறையும் பச்சையாக இருக்கும்.

தேங்காய் மட்டையில் இருக்கும் என் ஆட்டுக்காலை இன்று வரை நான் வெட்டவில்லை. "எப்போ சூப்பு?" என்று சின்னவன் கேட்டால், அத்தைதான் பதில் சொல்கிறார்: "இன்னும் நாலு மழை போகட்டும்டா, கண்ணா!"