பதினொன்று முதல் ஐந்து வரை

புணே நகரில் நான்காண்டு இடைவெளியில் இரண்டு உயர்நிலைப் பள்ளிகள் தோன்றின. முதலாவது, 1880 ஜனவரியில் தொடங்கிய நியூ இங்கிலீஷ் ஸ்கூல். அரசுப் பள்ளி ஆசிரியர் பணியை உதறிவிட்டு வந்த விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கரும், சட்டப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த பால கங்காதர திலகரும் அதன் மூலவர்கள். அகர்கர் சற்றுப் பின்னர் வந்து சேர்ந்தார். இரண்டாவது, 1884 செப்டம்பர் 29 அன்று திறக்கப்பட்ட பெண்கள் உயர்நிலைப் பள்ளி. ரானடே, பண்டார்கர், வாமன் ஆபாஜி மோடக், சங்கர் பாண்டுரங்க பண்டித் ஆகியோர் முயன்று உண்டாக்கியது. ஹுஜூர்பாகா என்ற பெயரில் இன்றும் லட்சுமி சாலையில் இயங்குகிறது. பேஷ்வாக்களின் குதிரைப்படை லாயம் இருந்த இடத்தின் பெயர் அது. ‘பாகா’ என்றால் மராத்தியில் லாயம்.

ஆண்கள் பள்ளியின் முதலாண்டைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் ஆசிரியர்களின் தியாகத்தையும் மாணவர்களின் தேர்ச்சியையும் எழுதினார்கள். 1882இல் கல்விக் குழுவின் தலைவர் வில்லியம் ஹண்டர் நேரில் வந்து பார்த்துப் பாராட்டிச் சென்றார். அந்தப் பையன்கள் நாள் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் வீட்டு வேலையை யார் செய்வார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியமே ஒருவருக்கும் தோன்றவில்லை. பெண்கள் பள்ளி திறந்ததும் முதலில் கேட்கப்பட்டது அதுதான்.

எதிர்ப்பு வந்த இடமும் கவனிக்கத்தக்கது. நியூ இங்கிலீஷ் ஸ்கூலை நிறுவியவர்களே 1881 முதல் நடத்திவந்த ‘மராட்டா’ என்னும் ஆங்கில வார இதழ் புதிய பள்ளியைத் தொடக்கத்திலிருந்தே ஐயத்துடன் பார்த்தது. திலகர் தரப்பின் விமர்சனம் 1887இல் பாடத்திட்டத்தைப் பற்றிய விரிவான வாதமாக முற்றியது. பெண்கள் படிக்கவே கூடாது என்று அந்த வாதம் சொல்லவில்லை. பதினொரு மணி முதல் ஐந்து மணி வரை பள்ளி நடப்பது தவறு. காலையிலோ மாலையிலோ மூன்று மணி நேரம் போதும். மிச்ச நேரம் இல்லத்துக்குரியது என்றது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகியவற்றின் இடத்தில் தாய்மொழியும் அறநெறியும் தையலும் வேண்டும் என்றது.

ஆங்கிலம் புலிப்பால் என்ற கருத்து சிப்ளூண்கரின் பெயரோடு மராத்தியில் இன்றும் வழங்குகிறது. பையன்களுக்குப் புகட்டப்பட்ட அந்தப் பாலைப் பெண் குழந்தைகளிடமிருந்து விலக்கிவைக்க அதே வட்டத்தார் முனைந்தார்கள். இதை வெறும் முரண் என்று கடந்துவிடுவது எளிது. நேரத்தைப் பற்றிய அந்த வாதத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், பள்ளியை நிறுவியவர்களைவிட எதிர்த்தவர்களுக்கே அதன் விளைவு தெளிவாகப் புரிந்திருந்தது என்று தோன்றும்.

அக்காலத்து மேல்சாதிக் குடும்பங்களில் பத்துப் பதினோரு வயதுக்குள் பெண்ணுக்கு மணம் முடிந்துவிடும். தண்டனைச் சட்டம் வகுத்த இசைவு வயதே பத்துதான். அது பன்னிரண்டாக உயர்ந்தது 1891இல், அதுவும் திலகர் தரப்பின் கடும் எதிர்ப்புக்கிடையில். ஆகவே தொடக்கப் பள்ளி என்பது பிறந்தகத்துக் காலத்துக்குள் அடங்கிவிடும் விஷயம். எழுதவும் கூட்டவும் கற்றுக்கொண்டு சிறுமி புக்ககம் போய்விடுவாள். உயர்நிலைப் பள்ளியோ புக்ககத்துக் காலத்துக்குள் நுழைகிறது. மராத்தியில் மாஹேர், சாசர் என்று இரண்டு வீடுகளுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. பதினொன்று முதல் ஐந்து வரை என்பது மாமியாரின் அதிகாரத்துக்குட்பட்ட பகற்பொழுது. ஆறு மணி நேரம் என்றால் ஒரு வீட்டின் உழைப்புக் கணக்கிலிருந்து ஒரு ஆள் குறைகிறது என்று பொருள். மூன்று மணி நேரம் என்றால் அந்த ஆள் குறைவதில்லை. பள்ளி இருக்கும், வீடும் மாறாமல் இருக்கும்.

இந்தக் கணக்கின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதற்கு ஒரு நேர்ச்சான்று இருக்கிறது. ரானடேயின் மனைவி ரமாபாய் 1910இல் வெளியிட்ட நினைவு நூல் அது. 1873இல், பதினோரு வயதில், முப்பதைத் தாண்டிய ரானடேயை அவர் மணந்தார். கைம்பெண் மறுமணத்தை ஆதரித்துப் பேசிவந்தவர் தந்தையின் சொல்லுக்குப் பணிந்து ஒரு சிறுமியை மணந்தது அன்றே பெரும் பேச்சானது. கணவரிடமே அவர் எழுத்துக் கற்றார். பின்னர் ஆங்கிலமும் கற்றார். 1882இல் பண்டித ரமாபாய் புணே வந்து ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தார்.

பெண்களுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று பம்பாய் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசனிடம் கோரிக்கை வைக்க 1884இல் ஹீராபாகில் கூட்டம் நடந்தது. ஆங்கில விண்ணப்ப உரையை எழுதியவர் ரானடே. அவையில் எழுந்து அதைப் படித்தவர் இருபத்திரண்டு வயது ரமாபாய். இதே ஆளுநரின் பெயரைத்தான் மறு ஆண்டு திலகர் வட்டத்தார் தங்கள் கல்லூரிக்குச் சூட்டினார்கள். அவையில் பாராட்டுப் பெற்ற ரமாபாய்க்கு வீட்டில் வேறு வரவேற்புக் காத்திருந்தது. ரானடேயின் சிற்றன்னை உள்ளிட்ட குடும்பத்துப் பெரிய பெண்கள், ஆண்கள் நிறைந்த அவையில் ஆங்கிலம் படித்தவளைச் சொல்லால் வாட்டினார்கள். அந்த வீட்டில் அது புதிதும் அல்ல. அவர் புத்தகத்தோடு உட்கார்ந்த நாள் முதல் தொடர்ந்து வந்த ஏச்சுதான் அது. உரையை எழுதியவரை ஒருவரும் அப்படி ஏசவில்லை. ரானடே தம் மனைவிக்குச் சொல்லிவந்த அறிவுரையோ எதிர்த்துப் பேசாதே, பொறுத்துக்கொள் என்பதுதான். நூலில் ரமாபாய் இதைக் குறையாகச் சொல்லவில்லை; கணவரின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே சொல்கிறார். அவர் சொல்லாமல் விட்டதைப் படிப்பவர் புரிந்துகொள்ள முடிகிறது. சீர்திருத்தத்தின் கொள்கை கணவருடையது. அதைத் தினமும் அடுப்பங்கரையில் சுமந்தவர் மனைவி.

அந்தப் பெரிய பெண்களை வில்லிகளாக்குவதும் நியாயமாகாது. மருமகளின் உழைப்பும் பணிவும் மட்டுமே வயதான காலத்தில் தங்களுக்குக் கிட்டும் அதிகாரம் என்ற ஏற்பாட்டுக்குள் வாழ்ந்தவர்கள் அவர்கள். தாங்கள் இளமையில் கொடுத்ததைத் திரும்பப் பெறும் நேரத்தில் ஒரு பள்ளிக்கூட மணி அடித்தது. ‘மராட்டா’வில் எழுதியவர்கள் அந்தப் பெண்களின் கலக்கத்தைத் தங்கள் வாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டை மாற்றுவது பற்றி எதுவும் எழுதவில்லை.

இதே நகரின் வேறொரு மூலையிலிருந்து பார்த்தால் இந்த முழுச் சண்டையும் சிறிய வட்டத்துக்குள் நடந்ததாகவே தெரியும். 1848இல் பிடே வாடாவில் சாவித்திரிபாயும் ஜோதிராவ் பூலேயும் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கி அப்போது முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1882இல் ஹண்டர் குழுவுக்கு அளித்த வாக்குமூலத்தில் பூலே, உழவர்களின் வரிப் பணம் மேல்சாதியாரின் உயர்கல்விக்குப் போகிறது, பன்னிரண்டு வயது வரையிலான தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்டார். வயலில் களையெடுக்கும் சிறுமிக்குப் பதினொரு மணியும் இல்லை, ஐந்து மணியும் இல்லை. பெண்ணின் இடம் வீடு என்று ரானடேயின் எதிராளிகள் சொன்னபோது, அவர்கள் மனத்தில் இருந்தது எந்தப் பெண், எந்த வீடு என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

அச்சத்துக்கு ஓர் உருவமும் விரைவில் கிடைத்தது. பள்ளி திறந்த அதே 1884இல், பம்பாயில் ருக்மாபாய் மீது அவருடைய கணவர் தாதாஜி பிக்காஜி வழக்குத் தொடுத்தார். குழந்தைப் பருவத்தில் நடந்த திருமணத்தை ஏற்று உடன் வாழ மறுத்தார் ருக்மாபாய். 1887இல் நீதிமன்றம் கணவரிடம் போ, இல்லையேல் ஆறு மாதச் சிறை என்றபோது, சிறையை ஏற்பதாக அறிவித்தார். வழக்கு மறு ஆண்டு பணத்தில் முடிந்தது. அவர் இங்கிலாந்து சென்று மருத்துவரானார். ஹுஜூர்பாகாவுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனாலும் ஆங்கிலம் படித்த பெண் என்ன ஆவாள் என்ற கேள்விக்கு அப்பள்ளியை எதிர்த்தவர்கள் காட்டிய விடை ருக்மாபாய்தான். பாடத்திட்ட விவாதம் 1887இல் உச்சம் பெற்றது தற்செயல் ஆகாது.

பள்ளி மூடப்படவில்லை. முந்தைய ஆண்டில்தான் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தன் தேர்வுகளைப் பெண்களுக்குத் திறந்திருந்தது. வில்லியம் வெட்டர்பர்ன் போன்றவர்களின் நன்கொடையும் அரசு உதவியும் கிடைத்தன. ஏச்சைக் கேட்டு வளர்ந்த ரமாபாய் 1909இல் புணேயில் சேவா சதனை அமைத்து, வயது வந்த பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வகுப்பு நடத்தினார்.

பின்னாளில் ஹுஜூர்பாகாவின் விடுதிக்கு ஏழு வயதில் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். பர்மாவில் 1905இல் பிறந்த இராவதி. அங்கே சகுந்தலா பராஞ்சபேயின் தோழியாகி, பெர்குசன் கல்லூரி முதல்வராக இருந்த அவருடைய தந்தையின் வீட்டிலேயே வளர்ந்தார். திருமணத்துக்குப் பின் இராவதி கார்வே என்று உலகம் அறிந்த மானுடவியலாளர் அவர். 1953இல் வெளிவந்த அவருடைய இந்திய உறவுமுறை பற்றிய நூல், மணப்பெண் எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்குப் போகிறாள் என்பதைப் பகுதி பகுதியாக ஆராய்கிறது. வடக்கே அவள் அறியாதவர்களின் வீட்டுக்குள் மருமகளாக நுழைகிறாள். தெற்கே பெரும்பாலும் அத்தை வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ போகிறாள். மராட்டிய நிலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.