பெட்டியைத் திறப்பதற்கு முன்

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி மலையில் முரண்டு பிடித்தால், கட்டி இழுத்துக் கீழே கொண்டுவருவது எளிதல்ல. எஞ்சின் ஓடினால்தான் கியர் பெட்டிக்குள் இருக்கும் பம்ப் சுழலும். அது சுழன்றால்தான் ஆயில் பாயும். எஞ்சின் அணைந்த நிலையில் வெகுதூரம் இழுத்தால் உள்பாகங்கள் வறண்டு தேயும். போனக்காட்டில் ஒரு பழைய டீசல் வண்டி ஏற்றத்தில் ஏற மறுத்தபோது, கீழே உள்ள விதுராவிலிருந்து மெக்கானிக் ஆசானே மலையேற வேண்டியிருந்தது. அவரோடு நானும் போனேன்.

போனக்காடு திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைக்கு நடைபயணம் தொடங்கும் இடம் என்றே வெளியூர்க்காரர்கள் இதை அறிவார்கள். பிரிட்டிஷார் காலத்துத் தேயிலைத் தோட்டம் முடங்கிப்போய், தொழிற்சாலை துருப்பிடித்து நிற்கிறது. தோட்ட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்னும் லயங்கள் எனப்படும் பழைய வரிசை வீடுகளில் வாழ்கிறார்கள். இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், இங்கே ஓடுகிற நிலையில் உள்ள வண்டிதான் முதல் மருந்து.

லயத்துக்கு முன்னால் வண்டி நின்றது. ஓட்டுநர் பொருமினார்: “ஆசானே, ஏத்தத்துல வளைவு திரும்பும்போது எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நீங்கவே மாட்டேங்கு. டவுன்ல காட்டினேன். பெட்டியை இறக்கி முழுசாப் பிரிக்கணும்னுட்டாங்க.”

ஆசான் ஸ்பேனரை எடுக்கவில்லை. “காலையில குளிர்ந்து கிடக்கும்போதா, சூடான பொறவா? எல்லா கியர்லயுமா, ஒண்ணுல மட்டுமா? சமதளத்துல எப்படி?”

“சமதளத்துல ஒரு கொறையும் இல்லை.”

அந்தப் பதிலில் பாதி விடை இருந்தது. கிளட்ச் தட்டுகள் முற்றிலும் தேய்ந்திருந்தால் சமதளத்திலும் வழுக்கும். ஏற்றத்தில் மட்டும் வழுக்கினால் முதலில் ஆயில் அளவைச் சந்தேகிக்க வேண்டும். சாய்த்த குடத்தில் நீர் ஒதுங்குவதுபோல, வளைந்து ஏறும்போது குறைவாக உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். அடியில் இருக்கும் ஃபில்டரின் வாய் காற்றை உறிஞ்சும். அழுத்தம் விழும். தட்டுகளை இறுக்கிப் பிடிக்க அந்த அழுத்தத்தைத் தவிர வேறெதுவும் இல்லை.

எஞ்சினைச் சூடேற்றி, ஓடவிட்டபடியே, பார்க்கிலிருந்து டிரைவ் வரை லிவரை ஒவ்வொரு நிலையிலும் சற்றே நிறுத்திக் கொண்டுவந்து, மறுபடி பார்க்கில் வைத்தார். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது ஆயில். சிவப்பு பழுப்பாகியிருந்தது, ஆனால் கருகிய வாடையோ உலோக மினுக்கமோ இல்லை. வண்டிக்கடியில் படுத்து, பெட்டியிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் கூலர் ஹோஸை விரலால் தடவிக்கொண்டே போனார். இணைப்பில் ஈரம்.

ஆசான் போனக்காட்டு லயத்தில் பிறந்தவர். வளைகுடாவில் பழைய டீசல் வண்டிகளைப் பழுதுபார்த்துத் தொழில் கற்றவர். 1976இல் வெளிவந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 வரிசையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறியது. பெட்ரோல் எஞ்சினில் உறிஞ்சும் காற்றுவழியிலேயே வேக்குவம் கிடைக்கும். அந்தக் கால டீசலில் கிடைக்காது. அதற்கென்று தனி பம்ப் உண்டு. இந்த வரிசை வண்டிகளில் எஞ்சின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பதை அந்த வேக்குவம்தான் கியர் பெட்டிக்குச் சொல்லும். அதே வேக்குவம்தான் கதவுப் பூட்டுகளையும் இயக்கும். “கதவுக்குள்ள ஒரு ரப்பர் கிழிஞ்சிருக்கும், கியர் விழும்போது முதுகுல அடிச்ச மாதிரி குலுங்கும். பெட்டியைப் பிரிச்சா கண்டுபிடிக்க முடியுமா?”

அவருடைய சோதனை வரிசை இதுதான்: ஓட்டுநரிடம் கேள்வி, ஆயில், வெளிக்குழாய்கள், லிவர் இணைப்பு, எஞ்சின் இழுவை. டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வண்டி ஏறாது. பழி கியர் பெட்டி மேல் விழும். இவையெல்லாம் சரியென்றால்தான் அடித்தட்டைக் கழற்றுவார். அங்குள்ள காந்தத்தில் மாவுபோன்ற சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். உலோகச் சில்லுகளும் கிளட்ச் தட்டின் துணுக்குகளும் கிடந்தால்தான் பெட்டியை இறக்கும் பேச்சு.

ஹோஸ் மாற்றி, அந்தப் பெட்டிக்கு உரிய வகை ஆயிலை அளந்து ஊற்றி, வளைவுகளில் ஏறிப் பார்த்தோம். வழுக்கவில்லை. ஆனாலும் ஆசான் உறுதி எதுவும் தரவில்லை. ஆயில் குறைந்து ஓடிய நாட்களில் தட்டுகள் எவ்வளவு தேய்ந்தன என்பது தெரியாததால், கொஞ்ச நாள் ஓட்டியபின் பழுப்பு ஆயிலை முழுதும் மாற்றி, அப்போது காந்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பாரத்தைக் குறைத்து ஏற்றச் சொன்னார்.

இன்றைய வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும். அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் ஈரமான ஹோஸை ஸ்கேனர் பார்க்காது. தேவையற்ற ஓவர்ஹாலுக்குப் போகும் பணம் போனக்காட்டில் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளப் போதும். மலிவான காரணத்தை முதலில் தேடுவது அங்கே திறமை மட்டுமல்ல, தொழில் அறம். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு பெட்டியைப் பிரிக்கக் கற்றுத்தருமுன் இந்தச் சோதனை வரிசையைக் கற்றுத்தர வேண்டும்.