கீரைக்கட்டு

நேத்து சாயங்காலம் ஒரு பெரியவரை இடிச்சிருப்பேன்.
இடிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டாப்பிங்ல நின்ன பஸ்ஸை வலதுபக்கமா தாண்டினேன். பஸ்ஸுக்கு முன்னாடி இருந்து திடீர்னு ஒரு வேட்டி.
பிரேக்.
வண்டி கோணிக்கிட்டு நின்னுச்சு. அவர் கையில இருந்த கீரைக்கட்டு மட்டும் கீழ.

வழக்கம்போல நான்தான் முதல்ல கத்தினேன். "பாத்து வரக்கூடாதா பெரியவரே?"
(நாப்பத்தஞ்சுல வந்தது நான்.)

டீக்கடை அண்ணன் கிளாஸைக் கழுவிக்கிட்டே சொன்னார்: "தினம் நாலு இப்படித்தான் சார். ஸ்டாப்பிங்கை வளைவுலயே வெச்சா?"

தூக்கிவாரிப் போட்டது அப்பதான்.

2022ல இந்தியச் சாலைகள்ல செத்தவங்க 1,68,491 பேர். அந்தக் கணக்கு அரசாங்கத்துக்கிட்ட இருக்கு.
மயிரிழையில தப்பிச்சவங்க கணக்கு? டீக்கடையில.

அமெரிக்காவுல 1976லேர்ந்தே பைலட்டுங்க 'நூலிழையில தப்பிச்சோம்'னு நாசாவுக்கு எழுதிப் போடறாங்க. பேர் வெளிய வராது. சுவீடன்காரங்க ஜங்ஷன் ஓரமா ஆளை நிறுத்தி, மோதறதுக்கு எத்தனை நொடி இருக்கறப்ப வண்டி பிரேக் போட்டுச்சுன்னு குறிக்கவே ஒரு முறை வெச்சிருக்காங்க. எந்த இடம் கோளாறுன்னு தெரிஞ்சுக்க சாவு விழற வரைக்கும் காத்திருக்க வேணாம் பாருங்க.

நான் எங்க போய் எழுதிப் போட? இங்கதான். நாப்பது லைக் வரும், ரெண்டு பேர் 'டேக் கேர் ப்ரோ'ம்பாங்க.

கீரைக்குக் காசு நீட்டினேன். பெரியவர் வாங்கல. கீரைக்கட்டைத் தட்டி எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

உங்க ஏரியாவுல அந்த டீக்கடை எது?