நாடாவின் பழைய பாடம்



உங்கள் ஊர் ஜமாஅத் அலுவலகத்திலும், பிள்ளைகள் பயிலும் பள்ளியிலும் கணக்குகளும் பெயர்ப் பட்டியல்களும் கணினிக்குள் குடிபுகுந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. “பிரதி எடுத்து வைத்திருக்கிறோம்” என்று பொறுப்பாளர் சொல்வார். நாமும் நிம்மதியாக வீடு திரும்புவோம். அந்தப் பிரதியை எவரேனும் திரும்பப் படித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

2003ஆம் ஆண்டு, கலைப் பட்டம் பெற்ற கையோடு, நெல்லைச் சீமையில் ஒரு கல்வி அறக்கட்டளையின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். அங்கே யுனிக்ஸ் சர்வர் ஒன்றும், அதனுடன் இணைந்த நான்கு திரைகளும் இருந்தன. வியாழன்தோறும் மாலையில், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய காந்த நாடாக் கேசட்டில் பிரதி எடுப்பார்கள். நான்கு கேசட்டுகள் முறை வைத்துச் சுழன்றன. தந்தையை இழந்த 180 பிள்ளைகளுக்கான உதவித்தொகைப் பட்டியல் அந்தச் சர்வரில்தான் இருந்தது. திங்களன்று காசோலைகள் போக வேண்டும். சனிக்கிழமை பட்டியல் இல்லை. இடம் மாறி நின்று ஒருவர் கொடுத்த அழிப்புக் கட்டளை, கோப்பகம் முழுவதையும் துடைத்துவிட்டது. யுனிக்ஸில் அந்தக் கட்டளைக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, “உறுதிதானா?” என்ற கேள்வியும் கிடையாது.

பாளையங்கோட்டையிலிருந்து வந்த பொறியாளர் வாசலில் நின்றபடியே, “பாய், முதலில் எல்லோரும் திரையை விட்டு எழுந்திருக்கட்டும்” என்றார். அழிக்கப்பட்ட கோப்பின் பெயர்தான் உடனே போகிறது. எழுத்துகள் வட்டில் சிறிது காலம் கிடக்கின்றன. வேறு எவராவது புதிதாக எழுதினால் அந்த இடமும் பறிபோகும். பிறகு கேசட்டின் சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, அதன்மேல் எதுவும் எழுத முடியாதபடி செய்தார். உடனே மீட்கத் தொடங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பெயர்களை மட்டும் வரிசையாகக் காட்டச் சொன்னார். அதற்கு உதவும் ‘டார்’ என்னும் கட்டளை 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வந்தது. நாடாத் தொகுப்பு என்பதன் சுருக்கமே அந்தப் பெயர்.

முந்திய வியாழனின் நாடா பாதியில் பிழை காட்டி நின்றது. அதற்கு முந்தையது வெறுமை! பிரதி எடுக்கும்போதே கட்டளை தோற்றிருக்கிறது; திரையில் வந்த அறிவிப்பை எவரும் படிக்கவில்லை. கேசட்டின் மேல் தேதி மட்டும் அழகாக எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது நாடாவில் பட்டியல் கிடைத்தது. அப்போதும் அவர் அவசரப்படவில்லை. “தம்பி, பெயர்கள் சாய்கோட்டுடன் தொடங்குகின்றனவா, பாருங்கள்” என்றார். அப்படித் தொடங்கினால் அந்தக் காலத்து டார், பழைய கோப்புகளை இன்றைய கோப்புகளின் மீதே எழுதிவிடும். இல்லையென்று உறுதி செய்த பின், வெறுமையான புதிய கோப்பகத்தில் இறக்கினார். நாடாவில் நினைத்த பக்கத்துக்குத் தாவ இயலாது. தொடக்கத்திலிருந்து ஓடித்தான் ஆக வேண்டும். அந்தச் சுழற்சியின் முனகல் இன்றும் என் காதில் இருக்கிறது. விடுபட்ட இரண்டு வாரத்துக்கும் மேலான விவரங்களை விண்ணப்பத் தாள்களிலிருந்து இரண்டு இரவுகளில் தட்டச்சு செய்தோம்.

மதரஸாவில் மனனம் செய்யும் மாணவனிடம் புதுப் பாடத்தோடு நாம் நிறுத்துவதில்லை. நாள்தோறும் பழைய பாடத்தையும் ஓதக் கேட்கிறோம். ஓதக் கேட்காத ஜுஸ்வு இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பது அவனுக்கே தெரியாது. காந்த நாடாவும் அப்படித்தான்.

சிறிய அலுவலகம் என்பதால் நேர்ந்த அவலம் என்று எண்ணிவிடாதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் வல்லுநர்களுக்கே சேவை செய்யும் கிட்லேப் நிறுவனத்தில், ஒருவர் ஒரு சர்வர் என்று நினைத்து வேறொரு சர்வரின் தரவுகளை அழித்துவிட்டார். ஐந்து விதமான காப்பு ஏற்பாடுகள் இருந்தும், நம்பியிருந்த வழிகள் கைவிட்டன. பிரதி எடுக்கும் நிரல் நெடுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களோ உரியவர்களைச் சென்றடையவே இல்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு பிரதி காப்பாற்றியது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. 2011 பிப்ரவரி இறுதியில் ஜிமெயிலில் சிலருடைய அஞ்சல் பெட்டிகள் திடீரென்று காலியாயின. மென்பொருளில் இருந்த பிழை, வெவ்வேறு இடங்களில் வைத்திருந்த பிரதிகளையும் சேர்த்தே பாதித்தது. மின்தொடர்பின்றி அலமாரியில் கிடந்த நாடாக்களைப் பிழையால் தொட முடியவில்லை. கூகிள் அவற்றிலிருந்து அஞ்சல்களை மீட்டுத் தந்தது. நாடா பழைய காலத்துப் பொருள் என்று இகழ்பவர்களிடம் இதைச் சொல்லலாம். இன்றைய எல்டிஓ-9 நாடா ஒன்று 18 டெராபைட் கொள்ளும்.

அலமாரி எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. நான் பார்த்த பல அலுவலகங்களில் சர்வரும் நாடாவும் ஒரே அறையில், தரையோடு ஒட்டிய ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்தது. நெல்லை சந்திப்பும் ஸ்ரீவைகுண்டமும் ஒருசேர நீரில் நின்றன. மேலப்பாளையத்தில் ஒன்றும் காயலில் ஒன்றுமாகப் பிரதி வைத்திருந்தாலும், தாமிரபரணி இரண்டையும் ஒரே வெள்ளத்தில் கேட்டுவிடும்.

அந்தக் காயல்பட்டினத்து ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள், 1842இல் சீறாப்புராணத்தை அச்சில் கொண்டுவந்தார்கள். ஏடுகளைத் தேடித் திரட்டிச் செய்த வேலை அது. திரட்டுவதற்கு ஏடுகள் வெவ்வேறு வீடுகளில் இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் அலுவலகப் பிரதி ஒன்று மதுரையிலோ சென்னையிலோ இருக்கட்டும். உள்ளங்கையளவு கேசட், ஊருக்குப் போகும் யாரிடமும் கொடுத்தனுப்பலாம். அனுப்புமுன் அதிலிருந்து ஒரே ஒரு கோப்பை, வேறு கோப்பகத்தில் இறக்கி, திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.