பனிமலையில் ஒரு கியர் பாடம்

மணாலிக்குப் போகிறோம் என்று சென்னையிலுள்ள பெரியம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, “மணலிக்கா? எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையைத் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார். நாங்கள் சொன்னது பியாஸ் நதிக்கரையில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் மணாலி என்று விளக்கி முடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. டில்லிக் குளிரைப் பல ஆண்டுகளாகத் தாங்கிவிட்ட நாங்கள், பனி பெய்வதை மட்டும் கண்ணால் கண்டதில்லை. அம்மாவுக்கு அதைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையால்தான் சென்ற தை மாதக் கடைசியில் சொந்த வண்டியிலேயே புறப்பட்டோம்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டில்லி நெரிசலில் கிளச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் ஓய்ந்துபோன பிறகு வாங்கிய ஆட்டோமாடிக் வண்டி அது. குச்சியை ‘டி’ என்ற எழுத்தில் நிறுத்திவிட்டால் மற்றதையெல்லாம் வண்டியே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இரண்டாண்டுகளாக அது அப்படித்தான் பார்த்துக்கொண்டும் வந்தது. ‘டி’க்குப் பக்கத்தில் கூட்டல், கழித்தல் குறிகள் போட்ட ஒரு தடம் இருந்தது. அது எதற்கென்று நாங்கள் கேட்டதுமில்லை. அதில் குச்சியை நகர்த்திப் பார்த்ததுமில்லை.

மணாலியில் ஓரிரவு தங்கி, மறுநாள் காலை அடல் சுரங்கப் பாதைக்குச் சென்றோம். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி திறக்கப்பட்டது. அதற்குமுன் லாஹூல் பள்ளத்தாக்கு மக்களுக்கு 3,978 மீட்டர் உயரத்திலுள்ள ரோதாங் கணவாய்தான் வழி. குளிர்காலத்தில் கணவாய் மூடிக்கொண்டால், மாதக்கணக்கில் அவர்கள் வெளியுலகத் தொடர்பின்றி இருக்க வேண்டியதுதான். இப்போது மலையின் வயிற்றுக்குள் கால் மணி நேரம் சென்றால் மறுபுறம் வந்துவிடுகிறது.

தென்வாசலில் நுழைந்தபோது வானம் தெளிவாயிருந்தது. வடவாசலில் வெளிப்பட்டதும் சந்திரா நதியின் இரு கரைகளும் ஒரே வெண்மை. சிஸ்ஸு கிராமத்தருகே அம்மா வண்டியை விட்டு இறங்கி, பனியை ஒரு கைப்பிடி அள்ளி விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். “ரவை மாதிரியல்லவா இருக்கிறது!” என்றார். பையன் அதற்குள் முழங்கால் வரை நனைந்துவிட்டான்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பினோம். சுரங்கத்தின் தென்வாசலை விட்டு வெளியே வந்தபோது காலையில் கண்ட உலகம் அங்கே இல்லை. பஞ்சைப் பிய்த்துப் போடுவதுபோல் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன்னே சென்ற வண்டிகள் நின்றுவிட்டதால், நாங்களும் ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். கால் மணி கழித்து வரிசை நகர்ந்தது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து சாலைக்கு ஏறச் சிறிதளவே மேடு. வழக்கம்போல் ‘டி’யில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தோம். முன் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழன்றன. இன்னும் சற்று அழுத்தினோம். ஊளையிடுவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. வண்டியின் முகம் மெல்ல மெல்லப் பள்ளத்தின் பக்கம் திரும்பத் தொடங்கியது. அந்தப் பக்கம் தடுப்புச் சுவர் இல்லை. பின்னாலிருந்து அம்மா, “முருகா” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னால் நின்ற ஜீப்பின் டிரைவர் இறங்கி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். உள்ளூர்க்காரர், ஐம்பது வயதிருக்கலாம். “பாயி சாஹிப், முதலில் காலை எடுங்கள்! வண்டி எந்த கியரில் இருக்கிறது?” என்று இந்தியில் கேட்டார். ‘டி’யில் என்றோம். “அது எழுத்து. நான் கேட்பது நம்பர்” என்றார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டோமாடிக் வண்டியை அவர் ஓட்டியதே இல்லையாம். ஆனாலும் உள்ளே எட்டிப் பார்த்து, அந்தக் கூட்டல், கழித்தல் தடத்தைச் சுட்டிக்காட்டி, “குச்சியை இதில் தள்ளி இரண்டாம் நம்பரைக் கொண்டுவாருங்கள். சக்கரத்தை நேராக்குங்கள். பிறகு பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், போதும். மாதாஜி, பயப்படாதீர்கள்” என்றார்.

அவ்வாறே செய்தோம். கூட்டலை ஒருமுறை தட்டியதும் எதிரே இரண்டு என்ற எண் தோன்றியது. பிரேக்கை விட்டதும், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்து மேட்டில் ஏறிவிட்டது. ஐந்து நிமிடப் போராட்டம் ஐந்து விநாடியில் முடிந்தது.

இதன் சூட்சுமத்தை வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். முதல் கியர் எஞ்சினின் வலிமையைப் பெருக்கிச் சக்கரத்துக்குத் தருவது. காய்ந்த தார்ச்சாலையில் டயர் அந்த வலிமையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். பனியில் பிடி ஏது? சக்கரம் வீணே சுழன்று, அடியிலுள்ள பனியைத் தேய்த்து வழுக்குப் பாறையாக்கிவிடும். இரண்டாம் கியரில் தள்ளும் வலிமை குறைவு. ஆகையால் சக்கரம் சுழலாமல் உருளும். ‘டி’யில் நிற்கும் வண்டியோ பெரும்பாலும் முதல் கியரிலேயே கிளம்புகிறது. வேகத்தையும் நம் கால் அழுத்தத்தையும் கொண்டு அது கியரைத் தேர்கிறதேயன்றி, டயருக்கு அடியில் இருப்பது தாரா பனியா என்பதை அது பார்ப்பதில்லை.

இறக்கத்தில் இதற்கு நேர்மாறான சங்கடம். காலை எடுத்தவுடன் எங்கள் வண்டி சிக்கனம் கருதி மேல் கியருக்குப் போய்விடுகிறது. எஞ்சின் பிடித்து நிறுத்துவதில்லை. பாரம் முழுவதும் பிரேக்கின்மேல் விழுகிறது. பனியில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி சறுக்கும். ஆக, ஏறும்போது மிகையாகத் தள்ளுவதும் இறங்கும்போது கைவிடுவதும் அதே ‘டி’தான்.

ஜீப்காரர் முன்னே சென்றார். சக்கரங்களில் சங்கிலி கட்டியிருந்தார். எங்களிடம் சங்கிலி இல்லை. (முன் சக்கரங்களால் இழுபடும் வண்டிக்குச் சங்கிலியை முன் சக்கரங்களில்தான் மாட்டவேண்டும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.) அவர் தடத்திலேயே, நாலைந்து வண்டி நீளம் இடைவெளி விட்டு, இரண்டாம் கியரில் இறங்கினோம். நிழல் விழுந்த ஒரு வளைவு அருகே அவர் கையை வெளியே நீட்டி எச்சரித்தார். அங்கே பனியே தெரியவில்லை. சாலை வெறுமனே ஈரமாயிருப்பதுபோல் கறுப்பாய் மின்னியது. உருகிய நீர் மீண்டும் உறைந்த கண்ணாடிப் படலம் அது. வெள்ளைப் பனியைவிடப் பொல்லாதது. எங்களுக்கு வந்த முதல் எண்ணம், முதல் கியருக்கு இறக்கிவிடலாம் என்பதே. நல்லவேளையாகச் செய்யவில்லை. சறுக்கும் தரையில் திடீரென்று கியரைக் குறைத்தால், இழுக்கும் சக்கரங்களை எஞ்சின் வெடுக்கென்று பிடிக்கும். அது பிரேக்கை உதைத்ததற்குச் சமம். எந்தக் கியர் வேண்டுமென்பதை வளைவுக்கு முன்பே, நேரான இடத்தில் தீர்மானித்துவிட வேண்டும். ஒருமுறை பிரேக் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் கருவி வேலை செய்யும் ஓசையாம் அது. பயந்து காலை எடுக்கவும் கூடாது, விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது.

சோலாங்கில் போலீஸார் வண்டிகளை நிறுத்தினார்கள். சமதரைதான், ஆனால் கியரில் இருக்கும் வண்டி தானே ஊர்ந்து முன் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டிருந்ததால் நிற்க மனமில்லாமல் நழுவியது. கடைசி இரண்டு கஜத்தில் ‘என்’னுக்கு மாற்றினோம், நின்றது. ஆனால் இந்தச் சலுகை சமதரைக்கு மட்டுமே. இறக்கத்தில் ‘என்’னில் உருட்டுவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

மாருதம்போல் வந்து உதவிய அம்மனிதர் தேநீருக்கும் நிற்கவில்லை, கையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு விடுதியில் வண்டியின் கையேட்டை முதன்முறையாகப் பிரித்தோம். வழுக்கும் சாலையில் இரண்டாம் கியரில் கிளம்புக என்று அதில் தெளிவாகவே அச்சிட்டிருந்தது. எல்லா வண்டிகளும் இதற்கு இடங்கொடா. சில வண்டிகளில் ‘ஸ்னோ’ என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வண்டியே நிதானமாகக் கிளம்பும். பல் கியர்கள் இல்லாத சி.வி.டி. வண்டிகளில் பெரும்பாலும் ‘எல்’ அல்லது ‘எஸ்’ என்ற எழுத்து இறக்கத்துக்கு உதவும். கிளச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் இயந்திரமே செய்யும் ஏ.எம்.டி. வண்டி, மேட்டில் கிளம்புகையில் சற்றுப் பின்னே நழுவக்கூடும். டில்லியிலேயே ஒரு காலி மைதானத்தில் அவரவர் வண்டியின் குச்சியை நகர்த்திப் பார்த்துவிட்டு மலையேறுவது நல்லது.

விடுதிக் காவலர் வேறொரு யோசனை சொன்னார். நனைந்த கைபிரேக் இரவில் உறைந்து இறுகிவிடுமாம். ஆகவே சமதரையில் ‘பி’யில் நிறுத்திச் சக்கரத்தடியில் கல் வைத்தால் போதுமாம். பையன் இரண்டு கற்களைப் பொறுக்கி வந்து வைத்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவே பெரியம்மாவுடன் தொலைபேசியில் பேசினார். பள்ளத்தையும் சொல்லவில்லை, வழுக்கலையும் சொல்லவில்லை. “ரவை மாதிரி இருந்தது, அக்கா” என்றார்.